ஒரே அரைமண்டி, வேற வேற உடம்பு

இந்தக் கிழமை எபிசோடில ஒரு நேயர் கேட்டிருந்தா: "ஒரு 3டி மொடலுக்குச் செய்த போஸை இன்னொரு மொடலுக்குப் போட்டால் ஏன் கை கால் முறிஞ்ச மாதிரி வருது?" நான் இரண்டு நிமிஷத்தில ஏதோ சொல்லிச் சமாளிச்சன். உண்மையில அந்தக் கேள்வியோட நான் மூன்று மாசமாகக் குடியிருக்கிறன். ஆறுதலாகச் சொல்ல வேண்டிய கதை, அதால எழுத்தில வருது.

2010 மாரி காலம். நான் யூனிவர்சிட்டியில மூன்றாம் வருஷம். அக்காவுக்கு நடனம் சொல்லிக் கொடுத்த ரீச்சர், ஸ்காபரோவில ஒரு வீட்டு பேஸ்மென்டில வகுப்பு நடத்தினா. பிள்ளைகள் வீட்டில தனியப் பயிற்சி செய்யேக்க பாக்கிறதுக்குப் படம் வேணும் என்று கேட்டா. போட்டோ எடுக்கலாமே என்றன். "போட்டோவில ஒரு பக்கம்தான் தெரியும் தம்பி. பிள்ளை பின்னால இருந்தும் பாக்கோணும்" என்றா. அப்ப என்னட்ட போசர் என்ற சொஃப்ட்வேரும் விக்டோரியா 4 என்ற பெண் உருவமும் இருந்தது. அந்த மாரி முழுக்க சனிக்கிழமைகளில ரீச்சர் பக்கத்தில ஒரு கதிரையில இருந்து, "முழங்கை இன்னும் கொஞ்சம் மேல, இல்லை இல்லை, விரல் நுனியைப் பார், அது தூங்குது" என்று சொல்லச் சொல்ல நான் டயலைத் திருப்பினன். 72 போஸ். தட்டடவு, நாட்டடவு தொடங்கும் நிலைகள், கைமுத்திரைகள், முழுமண்டி எல்லாம்.

இப்ப ரீச்சருக்கு வலது கை தூக்க ஏலாது. போன வருஷம் ஸ்ட்ரோக். வகுப்பை அக்கா எடுத்து நடத்துறா. அந்தப் படங்களை இப்பவும் பாவிக்கிறா. அங்கதான் பிரச்சினை தொடங்கினது. ஒன்பது வயசுப் பிள்ளை ஒன்று, கொஞ்சம் உருண்டையான பிள்ளை, படத்தைப் பார்த்து "என்னால அந்த அக்கா மாதிரி நிக்க ஏலாது, எனக்கு டான்ஸ் வராது" என்று அழுதிருக்கிறாள். விக்டோரியா 4 ஒரு மொடலிங் பெண்ணின் உடம்பு. அக்கா எனக்கு போன் எடுத்து, "தம்பி, அதே போஸ், வேற உடம்பு. சின்னப் பிள்ளை ஒன்று, குண்டுப் பிள்ளை ஒன்று, பெடியன் ஒருத்தன். ஒரு பின்னேரத்து வேலைதானே?" என்றா. நான் ஓம் என்றன். பதினைந்து வருஷமாக ஐடியில இருக்கிற ஒருத்தன் இன்னும் இந்தக் கேள்விக்கு ஓம் சொல்லுறது வெட்கம்தான்.

முதல்ல, போஸ் ஃபைல் என்றால் என்ன? அதுக்குள்ள படம் இல்லை. "அரைமண்டி" என்ற கருத்தும் இல்லை. போசரின் பழைய ஃபைலை நோட்பாடில திறந்து பாக்கலாம், வெறும் எழுத்துத்தான்: எலும்பின் பெயர், அதுக்கு எக்ஸ், வை, இசட் என்று மூன்று கோணம். அடுத்த எலும்பு, அடுத்த மூன்று கோணம். இடுப்புக்கு மட்டும் அது எங்க நிக்குது என்ற இடமும் சேரும். டாஸ் ஸ்டுடியோவின் புதிய ஃபைல்கள் ஜேசன் வடிவம், ஆனால் உள்ளுக்குள்ள இருக்கிறது அதே சங்கதிதான். அந்தக் கோணங்கள் எதிலிருந்து அளந்தவை, எந்த வரிசையில திருப்ப வேணும், எலும்பு எவ்வளவு நீளம் — இதெல்லாம் போஸ் ஃபைலில இல்லை, உருவத்துக்குள்ள இருக்கு. உருவத்தை மாத்தினால் அதே எண்கள் வேற ஒன்றைச் சொல்லும்.

உருவங்கள் நிறைய மாறியிருக்கு. போசர் 1995இல வந்தது. விக்டோரியா 4, 2006. பிறகு டாஸ் நிறுவனம் 2011இல ஜெனசிஸ் என்ற புது அடிப்படையைக் கொண்டுவந்தது, 2015இல ஜெனசிஸ் 3, 2017இல ஜெனசிஸ் 8, 2022இல ஜெனசிஸ் 9. (4, 5, 6, 7 எங்க என்று தேடாதேங்கோ, அப்படி ஒன்றும் வரேல்லை. விக்டோரியா 7 ஜெனசிஸ் 3இல ஓடினது. எண்கள் குழம்புது என்று அடுத்ததை 8 ஆக்கி விட்டார்கள்.) ஒவ்வொரு தலைமுறையும் முந்தினதை விட நல்லா மடங்கும். அதுக்காகத்தான் உள்ளெலும்பை மாத்துகிறார்கள், எங்களை அலைக்கழிக்க இல்லை. ஆனால் பழைய போஸுக்கு அது ஆறுதல் தராது.

நான் ஜெனசிஸ் 8 எடுத்தன். குழந்தை உடம்பு, பருமனான உடம்பு எல்லாம் ஒரே எலும்புக்கூட்டில செய்யலாம். பழைய அரைமண்டியை நேரே ஏற்றினன். தொடை இரண்டும் கம்பு மாதிரி நேரே நிக்க, முழங்காலுக்குக் கீழ மட்டும் பின்னால மடங்கி, அந்தரத்தில மிதந்தது. அக்காவின் மகள் பார்த்துச் சிரிச்சு, "மாமா, இவ தடுக்கி விழுறா" என்றாள்.

காரணம் பெயர். விக்டோரியா 4இல தொடைக்கு ஒரே எலும்பு. ஜெனசிஸ் 3இல இருந்து தொடையை இரண்டாகப் பிரிச்சார்கள்: மடங்குறதுக்கு ஒன்று, திருகுறதுக்கு ஒன்று. மேற்கை, முன்கை எல்லாம் அப்படித்தான். வயிறும் நெஞ்சும் இரண்டு எலும்பாக இருந்தது நாலாச்சு. கழுத்து இரண்டாச்சு. கீழ்க்கால், பாதம், கை இவற்றின் பெயர் மட்டும் மாறவில்லை. அதால கீழ்க்கால் மட்டும் கட்டளையைக் கேட்டு மடங்கினது, தொடைக்கு வந்த கடிதம் முகவரி இல்லாமல் திரும்பிப் போச்சு. பெயர் அட்டவணை ஒன்று எழுதினால் இது தீரும். அது சரியாக ஒரு பின்னேரத்து வேலை, அக்கா சொன்னது அந்த அளவுக்குச் சரி.

அட்டவணை போட்ட பிறகும் அரைமண்டி வரேல்லை. இதைக் கொஞ்சம் நின்று விளக்கோணும்.

உங்கட கையை முன்னால நீட்டுங்கோ, உள்ளங்கை கீழ பாக்க. இப்ப கையை அசைக்காமல் உள்ளங்கையை மேல திருப்புங்கோ. கை சுட்டுற திசை மாறேல்லை, ஆனால் அது தன்னைத்தானே சுத்தித் திருகியிருக்கு. எந்த எலும்பின் அசைவையும் இப்படி இரண்டாகப் பிரிக்கலாம்: திசை மாறுற வீச்சு ஒன்று, தன்னைச் சுத்துற திருகல் ஒன்று. அரைமண்டியின் உயிர் அந்தத் திருகல்தான். தொடை பக்கவாட்டில விரியுறது மட்டும் போதாது. இடுப்பில இருந்து முழுத் தொடையும் வெளிப்பக்கம் திருகி முழங்கால் பக்கத்தைப் பாக்கோணும். அப்பத்தான் மடங்குற கீழ்க்கால் உள்ளுக்கு வந்து, பாதம் உடம்புக்குக் கீழ சேரும். நான் முதல்ல மூன்று கோணத்தையும் மடங்குற எலும்புக்கே அனுப்பியிருந்தன். அந்த எலும்பு திருகாது, அதால திருகல் எண் காணாமல் போச்சு. விளைவு: தொடை அகலமாக விரிஞ்சு, கீழ்க்கால் பின்னால போய், தவளை பாயுற மாதிரி. ரீச்சர் பிள்ளைகளிட்ட ஆயிரம் தரம் "முழங்காலை மட்டும் மடிக்காத, இடுப்பில இருந்து திற" என்று சொல்லுறதைக் கேட்டிருக்கிறன். அந்த வசனத்துக்கு இவ்வளவு கணிதம் இருக்கு என்று எனக்கு அப்பத்தான் விளங்கினது.

அடுத்தது எங்கயிருந்து அளக்கிறது என்ற பிரச்சினை. விக்டோரியா 4க்கு எல்லாக் கோணமும் பூச்சியம் என்றால், கை இரண்டையும் சிலுவை மாதிரி பக்கவாட்டில நீட்டி நிப்பா. ஜெனசிஸ் 8க்கு எல்லாம் பூச்சியம் என்றால், கை கிட்டத்தட்ட 45 பாகை கீழ சரிஞ்சிருக்கும், காலும் கொஞ்சம் விலகியிருக்கும். நாட்டியாரம்பத்தில கை தோள் உயரத்தில பக்கவாட்டில நிக்கிறது, அதாவது விக்டோரியாவின் பூச்சியத்துக்குக் கிட்ட. அதால ஃபைலில தோளுக்கு இருக்கிற எண்கள் மிகச் சின்னன். அதை ஜெனசிஸ் 8க்குப் போட்டால் கை நனைஞ்ச கோழிச் சிறகு மாதிரித் தொங்கும். எண் பிழையில்லை, எண்ணுற இடம் வேற.

மூன்றாவது, வரிசை. இதை போனை வைச்சே செய்து பாக்கலாம். போனைத் திரை மேல பாக்க மேசையில வையுங்கோ, மேல்நுனி உங்களுக்கு எதிர்ப்பக்கம். முதல்ல மேசையிலயே வலப்பக்கம் 90 பாகை சுத்துங்கோ. பிறகு உங்களுக்குத் தூரமான விளிம்பைத் தூக்கி 90 பாகை நிமித்துங்கோ. போன் பக்கவாட்டில படுத்து, திரை உங்களைப் பாக்கும். இப்ப பழைய இடத்தில வைச்சு, முதல்ல நிமித்தி, பிறகு வலப்பக்கம் சுத்துங்கோ. போன் நெட்டுக்குத்தாக நிக்கும், திரை இடப்பக்கம் பாக்கும். அதே இரண்டு எண், அதே இரண்டு அச்சு, வேற முடிவு. எந்த எலும்பை எந்த வரிசையில திருப்புறது என்பது உருவத்தைச் செய்தவர் முடிவு செய்யுற விஷயம். ஃபைலில வெறும் மூன்று எண். இந்தப் பிழை சின்னக் கோணங்களில கண்ணுக்குப் படாது, பெரிய கோணத்தில மட்டும் வெடிக்கும். பரதத்தில சின்னக் கோணம் எங்க இருக்கு?

இதுக்கெல்லாம் தீர்வு ஒன்றுதான், அதையும் ரீச்சர் செய்து காட்டியிருக்கிறா. அவ ஒரு பிள்ளையிட்ட "உன்ர கையை இப்ப இருக்கிற இடத்தில இருந்து 20 பாகை தூக்கு" என்று ஒருநாளும் சொல்லமாட்டா. "முழங்கை தோளுக்கு நேர, உள்ளங்கை முன்னால பாக்கட்டும்" என்பா. அறையை வைச்சுச் சொல்லுவா, பிள்ளையின்ர பழைய நிலையை வைச்சு இல்லை. ஸ்கிரிப்டிலயும் அதுதான் செய்யோணும். பழைய உருவத்துக்குப் போஸ் போட்டு, ஒவ்வொரு எலும்பும் அறையின் அச்சில எந்தப் பக்கம் பாக்குது என்று கணக்கெடுக்கிறது. இரண்டு உருவத்தையும் ஒரே மாதிரி, சிலுவை நிலையில நிப்பாட்டி, அதைப் பொதுப் பூச்சியமாக வைச்சு, அதில இருந்து எவ்வளவு திரும்பியிருக்கு என்று எடுக்கிறது. அந்தத் திருப்பத்தைப் புது உருவத்தின் எலும்புக்குக் கொடுத்து, கடைசியிலதான் அதை அந்த உருவத்தின் வரிசைப்படி மூன்று கோணமாக மாத்துறது. இடையில கோணங்களைத் தொடவே கூடாது. குவாட்டர்னியன் என்ற நாலு எண் வடிவத்தில வைச்சிருந்தால் வரிசைச் சிக்கல் வராது, வீச்சையும் திருகலையும் பிரிக்கிறதும் சுகம். லீனியர் அல்ஜீப்ரா வகுப்பில "இது எங்க உதவும்" என்று கேட்ட ஆளில நானும் ஒருத்தன். அந்தப் பேராசிரியரிட்ட இப்ப மன்னிப்புக் கேக்கலாம் போல இருக்கு.

யூனிட்டியின் ஹியூமனோய்ட் அமைப்பு, அன்ரியல் 5இன் ஐகே ரீடார்கெட்டர் எல்லாம் அடிப்படையில இந்த வேலையைத்தான் செய்கின்றன. உங்களுக்கு நடக்கிறது, ஓடுறது மட்டும் வேணும் என்றால் அதுகளையே பாவியுங்கோ, நீங்களாக எழுத வேண்டாம். அதுகள் ஒரு சராசரி மனுஷ அசைவை எதிர்பார்த்துச் செய்தவை, தொடை முழுக்க வெளியில திருகின மனுஷியை அவை அதிகம் எதிர்பாக்கிறதில்லை. அதாலதான் நான் எழுதினன்.

விரல்கள் பற்றி ஒரு சொல்: பெருவிரலை நம்பாதேங்கோ. மற்ற நாலு விரலும் பெரும்பாலும் ஒழுங்காக வரும். பெருவிரல் ஒவ்வொரு உருவத்திலயும் உள்ளங்கையில இருந்து வேற வேற சாய்வில முளைக்குது. பதாகம் பரவாயில்லை. கடகாமுகத்தில பெருவிரல் மற்ற விரல்களைத் தொட வேணும். என்ர ஸ்கிரிப்ட் அதை ஒரு தரமும் தொட வைக்கேல்லை. எல்லாக் கடகாமுகத்தையும் கையாலதான் திருத்தினன்.

தொடுகை என்ற சொல் வந்திட்டுது. என்னை மூன்று மாசம் பிடிச்சு வைச்சது அதுதான். கோணத்தை எவ்வளவு துல்லியமாகக் கடத்தினாலும் திசைதான் போகும், இடம் போகாது. கணக்காகப் பார்ப்பம், முன்னால இருந்து பாக்கிற தட்டையான படம் என்று வைச்சுக்கொள்ளுங்கோ. ஒரு உடம்பில நடுக்கோட்டில இருந்து இடுப்பு மூட்டு 9 சென்டிமீட்டர் தள்ளி, தொடை 42, கீழ்க்கால் 40. தொடை வெளிப்பக்கம் 40 பாகை விரிஞ்சால் முழங்கால் நடுக்கோட்டில இருந்து 36 சென்டிமீட்டரில நிக்கும். கீழ்க்கால் 53 பாகை உள்ளுக்குச் சாய்ஞ்சால் 32 சென்டிமீட்டர் திரும்பி வரும். கணுக்கால் 4 சென்டிமீட்டரில. இரண்டு பக்கமும் அப்படி என்றால் குதிகால் ஒட்டும், ஏனென்றால் காலுக்கும் ஒரு தடிப்பு இருக்குத்தானே. இப்ப இடுப்பு அகலமான உடம்பு: 11, தொடை 40, கீழ்க்கால் 36. அதே 40, அதே 53 பாகை. கணுக்கால் ஏறக்குறைய 8 சென்டிமீட்டரில போய் நிக்கும். இரண்டு குதிகாலுக்கும் நடுவில 8 சென்டிமீட்டர் வெளி. ஒரு கோணமும் பிழையில்லை, ஆனால் அது அரைமண்டி இல்லை.

மைக்கல் கிளைச்சர் என்றவர் 1998இல சிக்கிராஃப் மாநாட்டில இதைப் பற்றி ஒரு கட்டுரை கொடுத்தார். அவரின் வழி எளிமையானது: ஒரு அசைவில எது கட்டாயம் காக்கப்பட வேணும் என்று முதல்ல சொல்லு, கால் தரையில, கை பெட்டியில என்று. அதைக் கட்டுப்பாடாக வைச்சுக்கொண்டு மற்றதையெல்லாம் முடிந்தவரை குறைவாக மாத்து. ஒரு காலுக்கு இது பெரிய கணிதமும் இல்லை. இடுப்பும் குதிகாலும் எங்க நிக்க வேணும் என்று தெரிஞ்சால், தொடையும் கீழ்க்காலும் ஒரு முக்கோணத்தின் இரண்டு பக்கம். ஹைஸ்கூலில படிச்ச கோசைன் விதி முழங்காலின் கோணத்தைத் தரும்.

ஆனால் எதைக் காக்கிறது என்ற முதல் கேள்விக்குக் கணிதத்தில பதில் இல்லை. குதிகால் ஒட்டவேணும் என்றால் முழங்கால் விரிவு குறையும், அல்லது உடம்பு கொஞ்சம் இறங்கும். விரிவைக் காத்தால் குதிகால் விலகும். நான் ஸ்கிரிப்டில குதிகாலுக்கு முதலிடம் கொடுத்து, உயரத்தை விட்டுக்கொடுத்து, 72 போஸையும் பருமனான உருவத்துக்கு மாத்தி, டாப்லெட்டில போட்டு ரீச்சர் வீட்டுக்குக் கொண்டு போனன்.

அவ இடது கையால ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தா. அஞ்சாவதில நிப்பாட்டினா. "இது ஆர் சொல்லித் தந்தது?"

"நீங்கள்தான் ரீச்சர். அதே எண்."

"நான் இந்தப் பிள்ளைக்கு இப்படிச் சொல்லித் தந்திருக்கமாட்டன்." முழங்கால் விரிவைக் காட்டினா. உடம்பு பருத்த பிள்ளைக்குக் குதிகாலை இழுத்து ஒட்டினால் முழங்கால் முன்னால விழும், பத்து வருஷத்தில மூட்டு போகும், என்றா. அப்படிப் பிள்ளைகளுக்கு அவ முதல்ல திறப்பைத்தான் பாப்பாவாம். குதிகால் இரண்டு விரல் விலகியிருந்தால் பரவாயில்லை, பிறகு தானாக வரும். மெல்லிய பிள்ளைக்கு மறுவளம். நான் ஒரே விதியை எல்லா உடம்புக்கும் போட்டிருந்தன். எண்களில இருந்தது ஒரு மெல்லிய உடம்புக்கு அவ சொன்ன பதில் மட்டும்தான். கேள்வியை நான் 2010இல எழுதி வைக்கேல்லை.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு போஸுக்கும் பக்கத்தில சின்ன ஃபைல் ஒன்று வைச்சிருக்கிறன்: இதில எது எதைத் தொடோணும், எந்த உடம்புக்கு எதை முதல்ல விட்டுக்கொடுக்கலாம் என்று. நீங்களும் போஸ் செய்து சேர்க்கிற ஆள் என்றால், தயவுசெய்து இதை இப்பவே எழுதுங்கோ. எண்ணை எப்பவும் ஸ்கிரிப்டால மீட்கலாம். எதுக்காக அந்த எண் என்பதை மீட்க, சொன்ன ஆள் இருக்க வேணும்.

இன்னொன்று. காசு கொடுத்து வாங்கின போஸ் தொகுப்பை உங்கட சொந்தப் படத்துக்காக மாத்திப் பாவிக்கிறது வேற, மாத்தின ஃபைலை மற்ற ஆட்களுக்குக் கொடுக்கிறது வேற. இரண்டாவதைப் பெரும்பாலான உரிமங்கள் விடாது. வாங்கினபோது வந்த உரிமத்தை ஒருக்கா வாசியுங்கோ.

வேலை செய்யேக்க கண்ட ஒரு வினோதம். 72 போஸிலயும் வலது தோள் இடதை விட 3 பாகை கீழ. எல்லாத்திலயும். எந்த ஃபைலிலயும் தவறாமல். நான் அதைப் பிழை என்று நினைச்சு முதல்ல நேராக்கினன். பிறகு பழைய அரங்கேற்றப் படம் ஒன்றில ரீச்சர் மேடையில நிக்கிறதைப் பார்த்தன். அதே தோள், அதே சரிவு. அவ தன்ர உடம்பைப் பார்த்துத்தான் எனக்கு ஒவ்வொன்றும் சொல்லியிருக்கிறா. உடனே 72இலயும் அந்த 3 பாகையைத் திருப்பி வைச்சன். இப்ப அந்தக் கை தூக்க ஏலாது என்ற நினைப்பும் சேர்ந்து, எனக்குத் தொண்டை அடைச்சிட்டுது, பெரிய கண்டுபிடிப்புச் செய்த மாதிரி.

போன ஞாயிறு அதை அவவிட்ட சொன்னன். அவ படத்தைக் கண்ணுக்குக் கிட்ட வைச்சுப் பார்த்தா.

"ஓம், எனக்குச் சின்னனில இருந்து அந்தத் தோள் விழும். என்ர ரீச்சர் அதுக்காக எவ்வளவு பேசினவ தெரியுமோ? பதினைந்து வருஷமாகப் பிள்ளையள் இதையே பாத்திருக்குதுகளே! நேராக்கு தம்பி, இண்டைக்கே நேராக்கு."

நேராக்கியாச்சு. பழைய பிரதியை மட்டும் என்ர ஹார்ட் டிரைவில தனி ஃபோல்டரில வைச்சிருக்கிறன், அவவுக்குச் சொல்லேல்லை. இதுவரை 58 போஸ் மூன்று உடம்புக்கும் முடிஞ்சுது. மிச்சம் 14இல பாதி முழுமண்டி. அதில தொடையும் கீழ்க்காலும் சேர்ந்து அமத்துற இடத்தில மொடலின் தசை ஒன்றுக்குள்ள ஒன்று புகுந்து நிக்குது, எலும்பைத் திருப்பி அதைத் தீர்க்க ஏலாது. அழுத அந்தப் பிள்ளைக்கு அரைமண்டி படம் மட்டும் முதல்ல அனுப்பியிருக்கிறம். அக்கா சொல்லுறா, அவள் டாப்லெட்டைச் சுத்திச் சுத்திப் பின்பக்கத்தைத்தான் பாக்கிறாளாம்.